அடையாற்று ஆலும் ஆசிரிய மரபும்

உலகத்துப் பொருள்கள் யாவும் காண்பாரது பக்குவத்திற்கேற்பப் பாடஞ் சொல்லும் இயல்புடையன. வழிப்போக்கனுக்கு நிழலாக மட்டும் உதவும் மரம், உள்ளத்தில் வினாவொன்றைச் சுமந்து வருவானுக்கு விடையாகவும் நிற்றல் உண்டு. மயிலைத் திருப்பதியில் வாழும் சைவ அன்பர் ஒருவர்க்கு, அடையாற்றங்கரையிலுள்ள பழஞ்சோலையொன்றில் ஒரு நாட் காலையில் நிகழ்ந்தது அத்தகையது. அஃது ஏறத்தாழ ஒரு மணி நேர நடை. அதனிடையே வியத்தகு நிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆயினும், ஈராண்டுகளாக அவருள்ளத்திற் கிடந்த முடிச்சொன்று அந்நடையின்கண் அவிழ்ந்தது. அதனை அறிதல் ஏனை அன்பர்க்கும் பயனுடையதாம்.

அவ்வன்பர்க்கு அகவை அறுபத்தெட்டு. அரசாங்க அலுவலினின்றும் ஓய்வு பெற்றவர். 1982-ஆம் ஆண்டு தொடங்கி நாற்பதாண்டுகட்கு மேலாக, கபாலீச்சரத்துத் திருக்குளத்திற்கு அண்மையிலுள்ள தெருவொன்றில், பெரியவர் ஒருவரிடம் வெள்ளிக்கிழமைதோறும் சாத்திரங் கேட்டு வந்தவர். அவ்வாசிரியர் பட்டமோ பதவியோ உடையவரல்லர். வீட்டுத் திண்ணையிற் பாயை விரித்து, வந்தோர் ஐவராயினும் ஐம்பதின்மராயினும் ஒரே குரலிற் பாடஞ் சொல்லுவார். அவர் ஈராண்டுகட்கு முன் சிவபதம் அடைந்தார். அப்போது நடந்து கொண்டிருந்தது சிவஞான சித்தியார் சுபக்கம். எட்டாஞ் சூத்திரப் பகுதி. இறைவன் குருவாய் எழுந்தருளி உயிர்க்கு ஞானம் உணர்த்துமாற்றைக் கூறும் அவ்விடத்திலேயே பாடம் நின்றது.

ஆசிரியர் தம் கைப்பட எழுதிய குறிப்பேடுகள் முப்பதையும் அவ்வன்பரிடமே ஒப்படைத்திருந்தார். அன்பர் அவற்றைப் பட்டுத்துணியிற் பொதிந்து பூசையறை அலமாரியில் வைத்தார். வெள்ளிதோறும் மலர் சாத்தினார்; தூபங் காட்டினார். ஆனால், ஒரு நாளேனும் அவிழ்த்துப் பார்த்தாரல்லர். உடன் பாடங் கேட்டோர் முதற்கண் சில கிழமை வந்து, "தாங்களே தொடர்ந்து சொல்லலாகாதா?" என வேண்டினர். "அவரிருந்த இடத்தில் யான் இருப்பதோ?" என்று அவர் மறுத்து விட்டார். பின்னர் வருவார் ஒழிந்தனர். திண்ணையிற் பாய் சுருட்டப்பட்டது சுருட்டப்பட்டபடியே கிடந்தது.

தை மாதத்துச் சனிக்கிழமையொன்றின் காலையில், ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் தம் பெயர்த்தியின் விருப்பத்திற்கிணங்கி, அன்பர் அடையாற்றுச் சோலைக்குப் புறப்பட்டார். மயிலையினின்றும் பேருந்தேறி ஆற்றைக் கடக்கும் வழி திரு. வி. க. பாலம் ஆகும். இவ்வாறு சென்னைக்கு மேற்கிலும் தெற்கிலுமுள்ள ஏரிகள் பலவற்றின் மிகைநீரை ஏற்று வருவது. சைதாப்பேட்டையில், தோமையரோடு தொடர்புபடுத்திக் கிறித்தவ அன்பர்கள் போற்றும் சின்னமலையென்னுங் குன்றின் பக்கலாக ஓடி, கிழக்கே திரும்பிக் கடலையடைவது. குன்றினருகே அதன்மேலுள்ள பாலம் மறைமலையடிகள் பெயர் தாங்கியது. கழிமுகத்தினருகே உள்ளது திரு. வி. கலியாணசுந்தரனார் பெயர் தாங்கியது. சைவமும் தமிழும் இரு கண்ணெனப் போற்றிய பெரியார் இருவரது பெயரையும் ஓராறே சுமந்து செல்லுதல் அன்பர்க்கு என்றும் மகிழ்ச்சி தருவதொன்று. இயற்கையழகே முருகெனக் கண்டு நூல் செய்தவரது பெயராலமைந்த பாலத்தின்மீது சென்று, இயற்கையழகு நிறைந்த சோலையுட் புகுதலும் பொருத்தமேயன்றோ!

பாலத்தின் தென்முனையிற் கீழ்பால் அமைந்தது அச்சோலை. அது பிரம்மஞான சபையின் தலைமையிடம். 1875-இல் நியூயார்க்கு நகரில் தோன்றிய அச்சபையை நிறுவினோருள் பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும், 1882-ஆம் ஆண்டில் ஹடில்ஸ்டன் தோட்டம் என வழங்கிய இவ்விடத்தை வாங்கிக் குடியேறினர். முதற்கண் முப்பது ஏக்கருக்கும் உட்பட்டிருந்த நிலம், பின்னர் ஆற்றோரமாகவும் கடலோரமாகவும் விரிந்து இப்போது ஏறத்தாழ 260 ஏக்கர் அளவினதாயிருக்கின்றது. சபையின் கொள்கையும் சைவ சித்தாந்தமும் வேறு வேறாயினும், ஆற்றங்கரை மரங்களை வெட்டாது பேணியமைக்கும், 1886-இல் ஆல்காட் நிறுவிய நூல்நிலையத்தில் ஆயிரக்கணக்கான ஏட்டுச்சுவடிகளைக் காத்தமைக்கும் தமிழுலகம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டுள்ளது.

வாயிலைக் கடந்ததும் நகரின் இரைச்சல் பின்னே தேய்ந்தது. மண்வழியின் இருமருங்கும் மகோகனி முதலிய பிறநாட்டு மரங்களும் நம்நாட்டு மரங்களும் விரவி நின்றன. ஆப்பிரிக்காவைத் தாயகமாகவுடைய பெருக்கமரத்தின் பருத்த அடியைக் கண்ட சிறுமி, "தாத்தா, இது யானை நிற்பது போலிருக்கின்றதே!" என்று வியந்தாள். மரங்களினூடே சமயந்தோறும் அமைந்த வழிபாட்டிடங்கள் காணப்பட்டன. இந்துக் கோயிலும், பௌத்த ஆலயமும், கிறித்தவத் தேவாலயமும், இசுலாமியர் பள்ளிவாசலும், பாரசீகர் வழிபாட்டிடமும் ஒரே நிழற்கீழ் ஒன்றையொன்று நெருக்காது நிற்றலைக் கண்டு, சமயங்கள் யாவும் படிமுறையால் ஒரே முதலைச் சாரும் எனக் கொள்ளும் சைவத்தின் விரிந்த நோக்கத்தை அன்பர் நினைந்து கொண்டார்.

வழியிற் சில இடங்களில் வானம் வெறுமையாய்த் தெரிந்தது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வீசிய வார்தாப் புயல் சென்னை மரங்களைச் சாய்த்தபோது இச்சோலையும் மிகுந்த இழப்பெய்தியது. அதற்கு ஓராண்டு முன்னர், 2015 டிசம்பர் முதல் நாளில், இதே ஆறு கரைபுரண்டு சைதையையும் கோட்டூர்புரத்தையும் நீரில் ஆழ்த்தியதை நகரத்தார் மறந்திலர். சோலை அமைதியுடையதேயன்றி அழிவுக்கு அப்பாற்பட்டதன்று. தோன்றியன யாவும் ஒடுங்கும் என்னும் உண்மைக்கு ஆற்றங்கரை மரமும் விலக்காகாது.

ஆயினும் அன்பர் காணவிழைந்தது ஒரே ஒரு மரத்தையே. அதுதான் அடையாற்று ஆல். அதன் அகவை 450 ஆண்டு இருக்கலாமென மதிப்பிடுவர்; அதன் நிழற்பரப்பு 40,000 சதுர அடி என்ப. 1983-ஆம் ஆண்டில் ஆசிரியரே அன்பரை இம்மரத்தடிக்கு அழைத்து வந்திருந்தார். அன்று அவர் அடிமரத்தைச் சுட்டிக்காட்டி, தென்முகக் கடவுள் நால்வர்க்குச் சொல்லாமற் சொல்லிய திருக்கோலத்தைப் பற்றிப் பேசினார். அன்பர் இளமைத் துடிப்பால், "அக்கடவுள் அமர்ந்ததும் இம்மரம் போல்வதோ?" என்று கேட்க, "அது கல்லால், இஃது ஆல். இரண்டும் ஓரினத்தனவேயன்றி ஒன்றல்ல. ஒப்புமை கண்டவிடத்து வேற்றுமையையும் உடன் காண்க" என்று அவர் நகைத்துத் திருத்தினார். அச்சொல் நாற்பதாண்டு கழிந்தும் அன்பர் செவியில் நின்றது.

மரத்தை அணுகியதும் சிறுமி அங்குமிங்கும் நோக்கினாள். தூண்கள் நிறைந்த மண்டபம்போல மரங்கள் பல நின்றன. மேலே பார்க்கின் எல்லாம் ஒரே கிளைப்பந்தராய் இருந்தது. சிறிது நேரம் தேடியபின், "தாத்தா, இவற்றுள் தாய்மரம் எது?" என்று வினவினாள்.

அன்பர் விடை சொல்லாது நின்றார். தாய்மரம் இல்லை. 1989-ஆம் ஆண்டுப் புயலில் அவ்வடிமரம் சாய்ந்து வீழ்ந்தது. அதனை அவர் அறியாதவரல்லர். அச்செய்தியை அந்நாளிற் கேட்டு வருந்தியவரே. ஆயினும் அதன் பின்னர் இங்கு வந்திலர். இப்போது, தாம் ஆசிரியரோடு நின்ற இடத்தைக் கண்ணால் தேடியும் காணாது, "தாய்மரம் வீழ்ந்து முப்பது ஆண்டுகட்கு மேலாயிற்று, அம்மா" என்று தழுதழுத்த குரலிற் கூறினார்.

"வீழ்ந்துவிட்டதா? பின் இம்மரம் எப்படி உயிரோடிருக்கின்றது?"

இவ்வினாவிற்கு மரமே விடையாய் நின்றது. ஆலமரம் பெரும்பாலும் பறவையின் எச்சத்தால் வேறொரு மரத்தின் கவட்டிலோ சுவரின் வெடிப்பிலோ முளைப்பது. வளர்ந்தபின் அதன் கிளைகளினின்றும் விழுதுகள் நூல்போல் இறங்கும். அவை காற்றில் ஆடியிருக்குங்காறும் மெலியனவே; நிலத்தைத் தொட்டு மண்ணுட் புகுந்தபின்னரே பருத்துத் தூணாகிக் கிளையைத் தாங்கும்; தாங்குவதோடமையாது நிலத்தின் நீரையும் உரத்தையும் உறிஞ்சிக் கிளைக்கு ஊட்டும். ஆதலின், அடிமரம் வீழ்ந்தவிடத்தும் மரம் வீழ்வதில்லை. கல்கத்தாவையடுத்து ஹூக்ளி ஆற்றங்கரையில் 1787-இல் தொடங்கப்பெற்ற தாவரத் தோட்டத்திலும் இதற்குச் சான்றுண்டு. ஆங்குள்ள பேராலின் அடிமரம் நோயுற்றமையால் 1925-இல் அகற்றப்பட்டது. நூறாண்டு கழிந்தும் அம்மரம் விழுதுகளாலேயே மேன்மேலும் விரிந்து நிற்கின்றது.

இவற்றை அன்பர் எளிய சொற்களாற் சிறுமிக்கு எடுத்துரைத்தார். அவள் கேட்டிருந்து, பின் தலைக்கு மேலே தொங்கிய விழுதொன்றைக் கையாற் பற்றி, "இதுவும் விழுதுதானே? இஃதேன் எதையும் தாங்கவில்லை?" என்றாள்.

"இது நிலத்தைத் தொடவில்லை, அம்மா. தொட்டால்தான் தாங்கும்."

இவ்வாறு சொல்லிய அளவில் அன்பர் நா எழாது நின்றார். தாம் சொல்லியது விழுதைப் பற்றியோ தம்மைப் பற்றியோ என்னும் ஐயம் அவர்க்குத் தோன்றிற்று. நாற்பதாண்டு ஒரு மரத்தின் சாற்றைப் பருகி வளர்ந்த விழுது, அம்மரம் சாய்ந்தபின், 'யான் அடிமரம் அல்லேனே' என்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தால் கிளையின் கதி யாதாம்? குறிப்பேடுகட்கு மலர் சாத்தியது உண்மை. தூபங் காட்டியதும் உண்மை. ஆனால், அவை வழிபாட்டிற்காக எழுதப்பட்டனவோ, வாசித்தற்காக எழுதப்பட்டனவோ? ஆசிரியர் அவற்றை ஒப்படைத்தது காப்பதற்கோ, கொடுப்பதற்கோ?

அருகிலிருந்த நிழலில் இருவரும் அமர்ந்தனர். சிறுமி உதிர்ந்த ஆலிலைகளைப் பொறுக்கி அடுக்கிக் கொண்டிருந்தாள். அன்பரது நினைவு பழைய நிகழ்ச்சியொன்றைச் சென்றடைந்தது. ஒருகால் ஆசிரியர் அவரை அவைமுன் எழுப்பி அத்துவிதம் என்னுஞ் சொல்லுக்குப் பொருள் சொல்லப் பணித்தார். அவர், "இரண்டு இல்லை என்பது பொருள்" என்றார். ஆசிரியர், "ஈண்டு அகரம் இன்மைப் பொருளதன்று, அன்மைப் பொருளது. இறைவனும் உயிரும் பொருளால் இரண்டே, பிரிப்பின்றிக் கலந்து நிற்றலால் வேறாக நில்லாமையையே அச்சொல் உணர்த்தும்" என்று திருத்தினார். கடிந்து கூறினாரல்லர், ஆயினும் பலர் முன்னிலையிற் பிழைபட்டோம் என்னும் நாணம் அன்பரை விட்டு நீங்கவில்லை. 'யான் பாடஞ் சொன்னால் பிழைபடுவேன். பிழைபட்டால் ஆசிரியர்க்கு இழுக்காம்' என்று அவர் கருதியதற்கு அதுவே வேர்.

அதனைப் பணிவு என்றே அவர் இதுகாறும் எண்ணியிருந்தார். அந்நிழலில் இருந்து நினைக்குந்தோறும் அதன் உண்மை வடிவம் புலனாயிற்று. 'யான் பிழைபடுவேன்' என்பதில் பிழைக்கு அஞ்சுவதினும் 'யான்' என்பதே முனைத்து நின்றது. திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் மாணாக்கர்க்கு ஆணவத்தின் இயல்பை உணர்த்திக் கொண்டிருந்தபோது, சகலாகம பண்டிதரென விளங்கிய அருணந்தியார் சென்று, ஆணவத்தின் வடிவம் யாதென வினவினாராக, மெய்கண்டார் வாய்திறவாது அவரையே நோக்கியமைந்தார் என்பது சைவ உலகம் அறிந்த வரலாறு. தருக்கிலே ஆணவம் நிற்கும் என்பது எளிதிற் புலப்படும். தாழ்மையின் போர்வையிலும் அது நிற்கும் என்பது எளிதிற் புலப்படாது. அருணந்தியாரோ உணர்ந்த அக்கணமே, தம்மினும் மிக இளையரான மெய்கண்டார் திருவடியில் வீழ்ந்தார், மாணாக்கராய்க் கேட்டார், கேட்டதனோடமையாது சித்தியாரை உலகுக்கு அளித்தார். அவர் தம் சிறுமையை நினைந்து வாளாவிருந்திருப்பின், மறைஞானசம்பந்தர்க்கும் அவர்வழி உமாபதி சிவனார்க்கும் அம்மரபு எங்ஙனம் எய்தியிருக்கும்?

பிற்காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் மறைந்தார். தமிழ்ப் புலமையின் அடிமரம் வீழ்ந்ததென யாவரும் வருந்தினர். அப்போது அவர் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர்க்கு இருபத்தொரு வயதும் நிரம்பவில்லை. அவர் ஆசிரியரை நினைந்து வருந்தியதோடு நின்றிலர், பயின்றார், பயிற்றினார், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார், அதன்பின் பழந்தமிழ் நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளிக் கொணர்ந்தார். அவர் 1942-இல் மறைந்தபின், அவர்தம் சுவடிகளைக் காக்கும் நூல்நிலையம், ருக்மிணி தேவி அம்மையாரின் முயற்சியால் 1943-இல் இவ்வடையாற்றிலேயே தொடங்கப்பெற்றது. இப்போது அண்மையிலுள்ள பெசன்ட் நகரில் விளங்குகின்றது. ஒரு விழுது நிலத்தைத் தொட்டதன் பயன் இவ்வளவு என்று யார் அளவிடவல்லார்?

ஈண்டு ஒப்புமை கண்டவிடத்து வேற்றுமையையும் காணல் வேண்டும். விழுது மண்ணைத் தொடுதல் தன்னியல்பால் நிகழ்வது. உயிர்க்கு ஞானம் எய்துதல் திருவருளாலன்றித் தன்முயற்சியொன்றானே நிகழாது. விஞ்ஞானகலர்க்கு உள்நின்றும், பிரளயாகலர்க்கு முன்னின்றும், சகலர்க்கு மானிடக் குருவடிவில் மறைந்து வந்தும் உணர்த்துபவன் இறைவனே என்பது சித்தாந்தத் துணிபு. ஆதலின், பாடஞ் சொல்லுவோன் தன்னை அடிமரமாக எண்ணுதற்கு யாதொரு நியாயமும் இல்லை. அவ்வாறு எண்ணாதவிடத்து அஞ்சுதற்கும் நியாயமில்லை. ஊட்டுவது திருவருள், ஊட்டப்பட்டது வழிந்து செல்லுதற்கு இடங்கொடுத்தலே விழுதின் கடன். இவ்வளவும் அன்பர்க்குத் தெரியாதனவல்ல. நின்றுபோன பாடத்தின் பொருளே இதுவன்றோ? தெரிந்ததனைத் தம்மேல் வைத்துப் பார்த்ததில்லை, அதுவே குறை.

சிறுமி தன் இலையடுக்கை முடித்துவிட்டு வந்து, "தாத்தா, அப்படியானால் அடிமரம் வேண்டுவதே இல்லையா?" என்று கேட்டாள்.

"வேண்டாதிருக்குமோ? விழுது மெலிந்திருந்த காலத்தில் அதற்கு உணவூட்டியது அடிமரந்தானே? அது நின்ற காலத்தில் ஊட்டியதனாலன்றோ, வீழ்ந்த காலத்தில் இவை தாங்கின" என்றார் அன்பர்.

"இந்தத் தொங்கும் விழுது எப்போது நிலத்தைத் தொடும்?"

"நாளாகும். சில இடங்களில் தோட்டக்காரர் மூங்கிற்குழாயில் மண்ணையிட்டு, அதனுள் விழுதைச் செலுத்தி நிலத்திற்கு இறக்குவதும் உண்டு. துணையிருந்தால் விரைவில் தொடும்."

இருவரும் எழுந்து ஆற்றங்கரை வழியே மீண்டனர். எதிர்க்கரையில், குப்பைமேடாய்க் கெட்டுக் கிடந்த கழிமுகத்தைத் திருத்தி 2011-இல் திறக்கப்பெற்ற தொல்காப்பியப் பூங்காவின் பக்கமாக நாரைகள் பறந்து சென்றன. ஆற்றுநீர் கலங்கலாகவே இருந்தது. நகரின் அழுக்கைச் சுமந்து வருமதற்குத் தெளிவு ஏது? ஆயினும் கடலை நோக்கியே அது சென்றது. அன்பர் பாலத்தின்மேற் பேருந்தில் வரும்போது பெயர்த்தியை நோக்கி, "வருகின்ற வெள்ளியன்று உனக்கு மாலையில் ஓய்வு உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வெள்ளியன்று பட்டுத்துணி அவிழ்க்கப்பட்டது. திண்ணையிற் பாய் விரிக்கப்பட்டது. வந்தோர் மூவர்: பெயர்த்தி ஒருத்தி, முன்னர்ப் பாடங் கேட்டு வந்த முதியவர் ஒருவர், தெருவினின்றும் குரல் கேட்டு உள்ளே வந்த இளைஞர் ஒருவர். நின்ற இடத்தினின்றே எட்டாஞ் சூத்திரம் தொடங்கப்பட்டது. அரைமணி கழிந்தபின் ஓரிடத்தில் ஆசிரியர் குறிப்பு அன்பர்க்கு விளங்கவில்லை. முன்னாளாயின் நாணத்தால் நா வறண்டிருக்கும். அன்று அவர் ஏட்டினின்றும் தலை நிமிர்ந்து, "இவ்விடம் எனக்குத் தெளிவாகவில்லை. அறிந்தாரை உசாவி அடுத்த கிழமை சொல்லுகின்றேன்" என்றார். முதியவர் தலையசைத்தார், இளைஞர் அவ்விடத்தைத் தம் தாளிற் குறித்துக் கொண்டார். பாடம் மேலே சென்றது.

பெரியோரிடம் கேட்டதனைப் பேழையில் வைத்துப் பூட்டிப் போற்றும் அன்பர்கள் ஊர்தோறும் உளர். அவர்தம் அன்பு குறைவுடையதன்று. அது நிலத்தைத் தொடுதல் ஒன்றே வேண்டப்படுவது. ஒருவரேனும் கேட்பார் உளராயின் பாயை விரிக்க. ஒருவரும் இலராயின் தம் வீட்டுச் சிறாரை அழைக்க. விளங்கியதை விளங்கியவாறு சொல்லி, விளங்காததனை விளங்கவில்லையென ஒப்புக்கொண்டு, ஊட்டுவானை நினைந்து தொண்டு புரிவார்க்கு ஆலமர் செல்வன் அருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.